மூட்டைக்குள் உறங்கும் நெருப்பு

தில்லிக்கும் சென்னைக்கும் இடையே இருப்புப்பாதை ஏறக்குறைய 2,180 கிலோமீட்டர் நீளுகின்றது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் அமர்ந்தால், இரண்டு இரவுகளும் அவற்றினிடையே ஒரு பகலும் கழிந்த பின்னரே சென்னையைக் காண்கின்றோம். இந்த நெடுவழியில் தில்லித் தமிழர் இல்லங்களிலிருந்து போவனவும், அவ்வில்லங்களுக்கு வருவனவும் பலப்பல. மாற்றல் உத்தரவு வந்துவிட்டால் கட்டில், பீரோ, தையல் இயந்திரம், மோட்டார் சைக்கிள் எல்லாம் தெற்கு நோக்கிப் புறப்படுகின்றன. விடுமுறை முடிந்து திரும்புகையில் அப்பளமும் வடகமும் நல்லெண்ணெயும் பூசைக்குரிய கற்பூரமும் வடக்கு நோக்கி வருகின்றன. தீபாவளி நெருங்கினாலோ, விருதுநகர் மாவட்டத்தில் உறவினர் உள்ளவர்கள் அவர்களை நினைத்துக்கொள்ளத் தவறுவதில்லை.

இவற்றுள் பெரும்பாலானவை யாருக்கும் தீங்கு செய்யாதவை. சில மட்டும் வீட்டு அலமாரியில் இருக்கும்வரை அடங்கிக் கிடந்து, வண்டியில் ஏறியபின் தம் இயல்பைக் காட்டுவன. வீட்டிலே நாம் அப்பொருளை அறிவோம், அடுப்பருகே வைக்கமாட்டோம், மூடி கழன்றால் மணத்தைக் கொண்டே கண்டுகொள்வோம். வண்டியில் ஏற்றியபின் அதனைத் தூக்குபவர் வேறு, அடுக்குபவர் வேறு, அதன்மேல் மற்றொரு மூட்டையைச் சாத்துபவர் வேறு. உள்ளே இருப்பது இன்னதென்று அவர்களுள் ஒருவரும் அறியார். அபாயப் பொருள்களைப் பற்றிய சட்டங்கள் பல புத்தகங்களாகப் பெருகியிருந்த போதிலும், அவற்றின் உயிர்நிலை ஒன்றே: அனுப்புகிறவர் அறிந்திருப்பதைச் சுமக்கிறவரும் அறிந்திருக்க வேண்டும்.

சட்டத்தைப் பார்க்குமுன் நெருப்பைச் சிறிது பார்த்துக்கொள்வோம். எண்ணெய் எரிகின்றது, பெட்ரோல் எரிகின்றது என்று சொல்லுகின்றோம். உண்மையில் எரிவது திரவமன்று. திரவத்தின் மேற்பரப்பிலிருந்து எழுந்து காற்றோடு கலக்கும் ஆவியே எரிகின்றது. ஒரு பொறி பட்டவுடன் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி எழவேண்டுமானால், ஒவ்வொரு திரவத்துக்கும் ஒரு குறைந்த அளவு வெப்பநிலை வேண்டும். நல்லெண்ணெய்க்கு அது 200 பாகை செல்சியஸுக்கும் மேலே உள்ளது. ஆகவே ஊரிலிருந்து கொண்டுவரும் செக்கு எண்ணெய் சிந்தினால் துணி கெடும், பக்கத்துப் பயணியின் முகம் கடுக்கும். தானாக முன்வந்து தீ வளர்க்காது. மண்ணெண்ணெய்க்கு அந்த அளவு ஏறக்குறைய 35 பாகைக்கு மேலே தொடங்குகின்றது. பெட்ரோலுக்கோ, நீர் உறையும் நிலைக்கும் நாற்பது பாகை கீழே! தில்லியின் தை மாதக் குளிரில் நாம் கம்பளிக்குள் ஒடுங்கிக் கிடக்கும்போதும், பெட்ரோல் ஆவி சோம்பியிருப்பதில்லை.

இந்த வெப்பநிலையைக் கொண்டே நம் நாட்டுச் சட்டம் பெட்ரோலியப் பொருள்களை மூன்று வகுப்பாகப் பிரிக்கின்றது. 23 பாகைக்குக் கீழே ஆவி தீப்பற்றக்கூடியவை முதல் வகுப்பு. 23 முதல் 65 வரை இரண்டாவது. அதற்குமேல் 93 வரை மூன்றாவது. 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டத்தின்கீழ் உள்ள பாகுபாடு இது. ஏட்டில் மண்ணெண்ணெய் இரண்டாம் வகுப்பு, பெட்ரோலைவிடச் சாது. ஆயினும் வைகாசி மாதத்தில் தில்லியின் நிழல் வெப்பமே 45 பாகையைத் தொடுகின்றது. நண்பகலில் தகரக்கூரையின்கீழ் நிற்கும் சரக்குப் பெட்டியின் உள்வெப்பம் அதனினும் மிகுதி. அந்நேரத்தில் சாது சாதுவாக இருப்பதில்லை. சென்னையில் மார்கழியில் ஒருவர் தவறின்றிக் கையாண்ட அதே டின், தில்லியின் கோடையில் வேறொரு பொருளாகிவிடுகின்றது.

நம்மவர் இருப்புப்பாதை வழியே அனுப்புவனவற்றுள், அபாயப் பொருள் என்று யாரும் நினையாத அபாயப் பொருள் மோட்டார் சைக்கிளே. வண்டி இரும்பாலானது, அதன் வயிற்றில் இருப்பது பெட்ரோல். ஒரு லிட்டர் பெட்ரோல் முழுவதும் ஆவியாகிக் காற்றில் கலந்தால், தீப்பற்றக்கூடிய கலவை ஏறக்குறைய 13 கன மீட்டர் உண்டாகும். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் உள்ள ஓர் அறையில் ஏறக்குறைய பாதியை அது நிரப்பும். அந்த ஆவி காற்றைவிட மூன்று மடங்குக்கும் மேலான கனமுடையது. மேலே எழுந்து கலைந்துபோகாமல், தரையோடு தரையாக ஊர்ந்து, எங்கோ ஒருவர் பற்றவைக்கும் பீடியைத் தேடிச் செல்லும். தீ அங்கே பிடித்து, வந்த வழியே திரும்பி, வண்டியை வந்தடையும்.

இதனாலேயே பார்சல் அலுவலகத்தில் இருசக்கர வண்டியைப் பதிவு செய்யுமுன் அதன் தாங்கி காலியாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்துகின்றனர். பதிவுச் சான்றின் நகல், அடையாளச் சான்று, சாக்கும் பஞ்சும் வைத்துக் கட்டிய கட்டு, புறப்படும் நிலையமும் சேரும் நிலையமும் எழுதிய அட்டை ஆகியவற்றோடு, காலியான தாங்கியும் அவர்கள் கேட்கும் ஆவணங்களுள் ஒன்று என்றே கொள்ளலாம். நிஜாமுதீன் நிலையத்து வாயிலுக்கு வந்தபின் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி இறக்குகின்ற காட்சி நாம் கண்டு சலித்ததே. அது நுரையீரலுக்குக் கேடு; சுற்றி நிற்பவர்களுக்கும் கேடு. முதல் நாளே, தெரிந்த மெக்கானிக்கிடம், திறந்த வெளியில், நெருப்பில்லாத இடத்தில் இறக்கிவிடுவதே முறை. கார்புரேட்டர் உள்ள பழைய வண்டியானால் அதிலும் சிறிது எஞ்சி நிற்கும். இயந்திரம் தானே ஓய்ந்து நிற்கும்வரை வெளியில் ஓடவிட்டால் அதுவும் தீரும். ‘அரை லிட்டர் இருந்தால் சென்னையில் இறங்கியவுடன் பங்க் வரை ஓட்டிச் செல்லலாமே’ என்ற கணக்கு நமக்கு இலாபமாகத் தோன்றும். அந்த அரை லிட்டரோடு ஒரே பெட்டியில் இரண்டு இரவுகள் பயணம் செய்யும் மற்றவர் மூட்டைகளையும், அப்பெட்டியை இறக்கப்போகும் கூலித் தொழிலாளியையும் அந்தக் கணக்கு சேர்த்துக்கொள்வதில்லை.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டத்தில் 67-ஆம் பிரிவு இவ்விஷயத்துக்கு உரியது. அபாயப் பொருளைக் கொண்டுசெல்லவே கூடாது என்று அது ஒரேயடியாகக் கதவைச் சாத்திவிடவில்லை. விதித்த முறைப்படியன்றி ஒருவரும் அத்தகைய பொருளைத் தம்முடன் எடுத்துச்செல்லலாகாது. அனுப்பும்படி ஒப்படைக்கவும் ஆகாது. ஒப்படைப்பதானால், பொருளின் அபாயத் தன்மையை மூட்டையின் வெளிப்புறத்தில் தெளிவாகக் குறித்திருக்க வேண்டும். அதற்கென உள்ள ரயில்வே ஊழியருக்கு எழுத்து மூலம் அறிவித்தும் இருக்க வேண்டும். அவ்வாறு அறிவிக்காத மூட்டையில் அபாயப் பொருள் இருப்பதாக ஐயுற இடமிருந்தால், அதைத் திறந்து பார்க்கும் அதிகாரம் ஊழியருக்கு உண்டு. அறிவியாமல் கொண்டுவந்தவருக்கு 164-ஆம் பிரிவு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்கும், ஆயிரம் ரூபாய் வரை அபராதத்துக்கும், அல்லது இரண்டுக்குமே வகை செய்திருக்கின்றது; விளைந்த நட்டத்துக்கும் அவரே பொறுப்பு. ஆயிரம் ரூபாய் இந்நாளில் பெரிய தொகையன்று என்று நகைப்பவர் உளர். மூன்றாண்டு என்பது எந்நாளிலும் சிறிய காலமன்று.

எவ்வெப்பொருளை எவ்வாறு கட்ட வேண்டும், எதனோடு எது சேரலாகாது என்பதை ரயில்வேயின் ‘சிவப்புக் கட்டண விதிகள்’ விரித்துரைக்கின்றன. வெடிபொருள், அழுத்தத்தில் அடைத்த வாயு, பெட்ரோலியமும் பிற தீப்பற்றும் திரவங்களும், தீப்பற்றும் திடப்பொருள், பிற பொருள் எரிவதற்கு உயிர்வளி தருவன, நஞ்சு, கதிரியக்கப் பொருள், அமிலம் என எட்டு வகுப்புகள் அங்கே உள்ளன. உலக நாடுகளின் வழக்கில் ஒன்பது. ஐக்கிய நாடுகள் சபையின் வல்லுநர் குழு 1956-இல் முதன்முதலாக வெளியிட்ட பரிந்துரைகளே இன்று கப்பல், விமானம், லாரி எல்லாவற்றுக்கும் அடிப்படை. பெட்டிகளின்மேல் சாய்சதுர வடிவில் ஒட்டப்படும் வண்ணச் சீட்டுகள் அந்த வழியில் வந்தவை. சிவப்பு நிறமும் சுடர்ப்படமும் தீப்பற்றும் திரவத்தைக் குறிக்கும். வெண்மையில் மண்டையோடு, நஞ்சு. மேல்பாதி வெள்ளையும் கீழ்பாதி கறுப்பும், அரிக்கும் அமிலம். எழுத்தறியாத ஒருவரும் கண்டு ஒதுங்கத்தக்க மொழி அது.

சொல்லாமல் ஏற்றிய ஒரு பொருளால் நேர்ந்ததை, தமிழ்நாடே ஒரு காலையில் கண்டது. 2023 ஆகஸ்டு 26 அன்று விடியற்காலை, மதுரை ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு சுற்றுலாப் பெட்டி தனியே கழற்றி நிறுத்தப்பட்டிருந்தது. லக்னோவிலிருந்து யாத்திரையாக வந்தவர்கள் அதில் இருந்தனர்; நாகர்கோவிலிலிருந்து வந்த வண்டியோடு அப்பெட்டி மதுரையை அடைந்திருந்தது. விதிக்கு மாறாக உள்ளே கொண்டுவந்திருந்த எரிவாயு சிலிண்டரைக் கொண்டு தேநீர் தயாரிக்க முற்பட்டபோது தீ மூண்டது. ஒன்பது பேர் உயிரிழந்தனர். இராமேசுவரம் காணப் புறப்பட்டவர்கள் வடநாட்டார். காசி காணப் புறப்படுகின்ற நம்மவரும் அதே வகையில் சமையற்காரரையும் பாத்திரங்களையும் உடன்கொண்டு, முழுப்பெட்டியைப் பதிவு செய்துகொண்டு செல்வதுண்டு. பெட்டி முழுவதும் நமக்கென்று பதிவானதாலேயே அது நம் வீட்டுச் சமையலறை ஆகிவிடாது. எரிவாயுவும் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் இருக்கைகளின் அடியில் தங்கும். திரவமாக அடைபட்டிருப்பது வெளிவந்தால் ஏறக்குறைய 250 மடங்கு விரியும். படுக்கை விரிப்பும் பெட்டிப் படுக்கையும் நிறைந்த ஒரு நீண்ட அறையில், இரு முனைகளில் மட்டுமே வாயில்கள் உள்ளன என்பதை எண்ணிப் பார்த்தால் போதும்.

ஒரு ரயில் பெட்டி எவ்வளவு விரைவில் எரிந்து தீரும் என்பதற்குத் தில்லித் தமிழருக்கு வேறு சான்று வேண்டியதில்லை. 2012 ஜூலை 30 அன்று விடியுமுன், தில்லியிலிருந்து சென்னை சென்ற தமிழ்நாடு எக்ஸ்பிரஸின் எஸ்-11 பெட்டி நெல்லூர் அருகே எரிந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அத்தீயின் காரணம் பற்றிய வாதத்துக்குள் நாம் புகவில்லை. காரணம் எதுவாயினும், உறங்கிக்கொண்டிருப்பவர்களுக்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறுகியது என்பதையே குறிப்பிடுகின்றோம்.

அப்படியானால் மாற்றலாகிச் செல்லும் குடும்பம் சிலிண்டரை என்ன செய்வது? அதை எடுத்துச்செல்ல வேண்டிய தேவையே இல்லை. சிலிண்டரும் ரெகுலேட்டரும் நமக்குச் சொந்தமானவை அல்ல. முன்பணம் கட்டி நாம் பெற்றவை. எரிவாயு முகவரிடம் இரண்டையும் ஒப்படைத்தால், இணைப்பை முடித்ததற்கோ மாற்றியதற்கோ உரிய வவுச்சரையும் முன்பணத்தையும் தருவார். அந்த வவுச்சரைக் காட்டிப் புதிய ஊரில் இணைப்புப் பெறலாம். அடுப்பை மட்டும் துடைத்துக் கட்டி எடுத்துச்செல்லலாம். சாமான்களைக் கட்டி அனுப்பும் நிறுவனத்தின் ஆள், ‘லாரியில் ஒரு மூலையில் வைத்துவிடுகிறோம், யாரும் பார்க்கமாட்டார்கள்’ என்று ஆறுதல் சொல்வதுண்டு. யாரும் பார்க்காத மூலையில் வைப்பதே அதன் குற்றம். பாதி எஞ்சிய பெயிண்ட் டின், தின்னர், டர்பன்டைன், குளியலறை கழுவும் அமிலம், பிளீச்சிங் பவுடர் ஆகியவற்றுக்கும் இதுவே விதி. இவற்றின் விலையை ஏற்றுக்கூலியோடு ஒப்பிட்டாலே விடை கிடைத்துவிடும். அண்டை வீட்டாருக்குக் கொடுத்துவிட்டுப் போவது மலிவு. குறிப்பாக அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே பெட்டியில் வைத்தல் கூடவே கூடாது; இரண்டும் கலந்தால் எழுவது குளோரின் நச்சுப்புகை.

கற்பூரத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் அது நம்மைவிட்டுப் பிரியாதது. இராமகிருஷ்ணபுரத்து மலைமந்திருக்குச் செல்பவர் கையிலும், கரோல்பாக் கடையில் பூசைச் சாமான் வாங்குபவர் பையிலும் அது இருக்கின்றது. உலக வழக்கில் கற்பூரம் தீப்பற்றும் திடப்பொருள். 2717 என்ற எண் பெற்றது. வெள்ளையும் சிவப்புமான செங்குத்துக் கோடுகள் உள்ள சீட்டு அதற்குரியது. திறந்து வைத்தால் தானே காற்றில் கரைந்துபோகும் பொருள் என்பதை நாம் அறிவோம். அதே இயல்பால், மூடிய பெட்டிக்குள் அதன் ஆவி சேர்ந்துகொண்டே இருக்கும். விமானத்தில் கற்பூரம் செல்லாது. கைப்பையிலும் செல்லாது, கீழே ஒப்படைக்கும் பெட்டியிலும் செல்லாது. தில்லியில் கற்பூரம் கிடைக்காத காலம் போய் நெடுநாளாயிற்று. ஊர்க் கற்பூரத்தின் மணமே மணம் என்பவர்கள் ஊருக்குப் போகும்போது அங்கேயே ஏற்றிவிட்டு வரலாம்.

கொப்பரைத் தேங்காய் நம்மவரைத் திகைக்க வைப்பது. ‘தேங்காயிலும் தீயா?’ என்று விமான நிலையத்தில் வாதாடியவர் பலர். காய்ந்த கொப்பரையில் எண்ணெய் மிகுதி. பெருங்குவியலாக வெப்பத்தில் அடைபட்டால் அந்த எண்ணெய் காற்றோடு மெல்ல மெல்லச் சேர்ந்து, தானே சூடேறிப் புகையத் தொடங்கும். ஆதலால் அது தானே தீப்பற்றும் பொருள்களின் வகுப்பில் 1363 என்ற எண்ணோடு இடம்பெற்றிருக்கின்றது. முழுத் தேங்காயைக் கைப்பையில் வைத்து விமானமேற நம் நாட்டில் உள்ள தடையை, சபரிமலை செல்லும் அடியார்களின் இருமுடிக்காகச் சிறிது தளர்த்தினர். 2022-ஆம் ஆண்டுப் பருவத்தில் 2023 ஜனவரி 20 வரை அந்த அனுமதி இருந்தது, பின்னரும் பருவத்தையொட்டி அளித்தனர். விதி மூர்க்கமானதன்று என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. கேட்டுப் பெறும் வழி இருக்கின்றது. ஒளித்துக்கொண்டு போகும் வழிதான் இல்லை.

விமானத்தைப் பற்றிப் பேசும்போது மின்கலத்தையும் சொல்லிவிடுவோம். கைப்பேசிக்கு மின்னூட்டும் பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். கீழே ஒப்படைக்கும் பெட்டியில் வைக்கலாகாது. லித்தியம் மின்கலம் சூடேறித் தீப்பிடித்தால் அதற்கு வெளிக்காற்றுகூடத் தேவைப்படுவதில்லை. அது பயணிகளின் கண்ணெதிரே நேர்ந்தால் அணைக்கலாம். சரக்கறையில் நேர்ந்தால் யார் காண்பார்? 100 வாட்-மணி வரை தடையில்லை. 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். 20,000 மில்லி-ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தால் அது 74 வாட்-மணி, கவலையில்லை.

இந்த மறைவிடத்து அபாயத்துக்கு உலகம் கொடுத்த விலை பெரிது. 1996 மே 11 அன்று அமெரிக்காவில் மயாமியிலிருந்து அட்லாண்டா புறப்பட்ட வேலுஜெட் நிறுவனத்தின் விமானம் சதுப்பு நிலத்தில் வீழ்ந்து, அதிலிருந்த 110 பேரும் மாண்டனர். சரக்கறையில் உயிர்வளி உண்டாக்கும் பழைய கருவிகளை அட்டைப் பெட்டிகளில் அடைத்து ஏற்றியிருந்தனர். வேதியியல் மாற்றத்தால் மிகுந்த வெப்பத்தைக் கக்கும் கருவிகள் அவை. பாதுகாப்பு மூடிகளின்றி இருந்தன. சரக்குச் சீட்டிலோ அவை ‘காலியானவை’ என்று எழுதப்பட்டிருந்தது. ஒரே ஒரு சொல்!

சிவகாசிக்குத் திரும்புவோம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் ஊன்றிய விதை, நாட்டின் பட்டாசுத் தலைநகராக வளர்ந்த கதை நேயர்கள் அறிந்ததே. பட்டாசு வெடிபொருள் வகுப்பைச் சேர்ந்தது. 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் அதன்கீழ் 2008-இல் வந்த விதிகளும் அதை ஆளுகின்றன. அவ்விதிகளை நடத்தும் பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் தலைமையகம் நாகபுரியில் இருக்கின்றது. உரிமம் பெற்றவர், உரிய கட்டில், உரிய வண்டியில் அனுப்பும் சரக்கு வேறு. அத்தை மகனுக்கென்று அட்டைப்பெட்டியில் அடைத்து, மேலே ‘துணிமணி’ என்றெழுதிக் கூரியரில் கொடுப்பது வேறு. பயணியின் கைச்சுமையாகவும் பட்டாசு ரயிலில் வரலாகாது. அஞ்சல் வழியாகவும் ஆகாது. 1898-ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டத்திலேயே இருந்த தடை, அச்சட்டத்தின் இடத்தில் 2023-ஆம் ஆண்டின் சட்டம் 2024 ஜூன் 18 முதல் நடைமுறைக்கு வந்தபின்னும் விதிகளில் நீடிக்கின்றது.

தில்லியில் பட்டாசு வெடிக்கலாமா என்பது வேறொரு வழக்கு. 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தலைநகரிலும் சுற்றுப்புறத்திலும் விற்பனையை நிறுத்தி வைத்தது முதல், தடையும் தளர்வும் மாறி மாறி வந்துள்ளன. 2025 தீபாவளிக்குச் சில நாள் மட்டும் பசுமைப் பட்டாசுக்கு இசைவு கிடைத்தது. அந்த இசைவு வெடிப்பதற்கே உரியது. ரயிலில் கொண்டுவருவதற்கு அன்று. இரண்டையும் குழப்பிக்கொண்டு, ‘நீதிமன்றமே அனுமதித்துவிட்டதே’ என்று பையைத் தோளில் போடுவது பேதைமை.

பெருஞ்சரக்கில் நேரும் பிழை, தெருவில் நிற்கும் நம்மையும் விடுவதில்லை. 2017 மே 6 அன்று துக்ளகாபாத் சரக்குப் பெட்டக முனையத்தில், சீனாவிலிருந்து வந்து அரியானாவின் சோனிபத்துக்குச் செல்லவிருந்த ஒரு பெட்டகத்திலிருந்து இரசாயனம் கசிந்தது. பூச்சிக்கொல்லி தயாரிப்பதற்கான மூலப்பொருள் அது. காலையில் அருகிலிருந்த பெண்கள் பள்ளிகளுக்கு வந்த மாணவியர் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலும் கொண்டு, நூற்றுக்கணக்கில் மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அப்பள்ளிகளில் ஒருவரும் எந்தப் பொருளையும் எங்கும் அனுப்பவில்லை.

அதற்கு ஏழாண்டுகளுக்கு முன், 2010-இல், மாயாபுரி பழையிரும்புச் சந்தையில் நிகழ்ந்தது இன்னும் விசித்திரமானது. தில்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் நெடுங்காலம் பயனின்றிக் கிடந்த ஒரு கருவி ஏலத்தில் விற்கப்பட்டுச் சந்தைக்குப் போயிற்று. அதன் நெஞ்சில் கோபால்ட்-60 என்னும் கதிரியக்கப் பொருள் இருந்தது. வாங்கியவர் அறியார், உடைத்தவர் அறியார், மின்னும் உலோகத் துண்டு என்று கையிலெடுத்தவரும் அறியார். ஒரு தொழிலாளி உயிரிழந்தார், வேறு பலர் கதிர்வீச்சால் நோயுற்றனர். கருவி என்னவோ பழையதாயிற்று. உள்ளிருந்த பொருளுக்கு அந்த முதுமை வரவில்லை. உள்ளே இருப்பது இன்னதென்ற செய்தி மட்டும் எங்கோ வழியில் உதிர்ந்துவிட்டது.

எதனோடு எதைச் சேர்ப்பது என்ற விதிக்கு நம் நாட்டிலேயே எழுதப்பட்ட கொடிய பாடம் ஒன்று உண்டு. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் நின்ற ‘ஃபோர்ட் ஸ்டிகைன்’ என்னும் கப்பலில் ஏறக்குறைய 1,400 டன் வெடிபொருள் இருந்தது. கூடவே பஞ்சுப் பொதிகளும் இருந்தன. பிற்பகலில் பஞ்சில் தீக் கனன்றது. நான்கு மணிக்குச் சற்றுப் பின் கப்பல் வெடித்தது. எண்ணூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தீயணைக்கச் சென்ற வீரர்களுள் 66 பேர் திரும்பவில்லை. அந்நாளையே இன்றும் நாடு தீயணைப்புப் பணி நாளாக நினைவுகூர்கின்றது. பஞ்சு தனியே வந்திருந்தால் ஒரு தீவிபத்து; வெடிபொருள் தனியே வந்திருந்தால் ஒருவேளை ஒன்றுமில்லை.

தொழில் நிமித்தம் இத்தகைய சரக்கை அனுப்ப வேண்டியவர்கள் நம்மிடையே இருக்கின்றார்கள். கற்பூரமும் ஊதுபத்தி வாசனை எண்ணெயும் வரவழைக்கும் வணிகர், சிறு ஆலைக்குப் பசையும் பெயிண்டும் அனுப்புபவர், ஆய்வுக்கூடத்துக்கு அசிட்டோன் அனுப்புபவர் ஆகியோருக்கு வழி அடைபட்டிருக்கவில்லை. பொருளைச் செய்தவரிடமிருந்து அதன் பாதுகாப்புத் தகவல் தாளை முதலில் கேட்டு வாங்க வேண்டும். வகுப்பும் எண்ணும் கட்டும் முறையும் அதில் இருக்கும். பின்னர், அவ்வகைச் சரக்கை ஏற்கும் நிறுவனத்தைத் தேடவேண்டும். எல்லா நிறுவனமும் ஏற்பதில்லை. லாரியில் அனுப்பினால் 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் பொருந்தும். அபாயச் சரக்கு ஓட்டும் ஓட்டுநர் அதற்கெனப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள ஓர் இந்திய மொழியையும் ஆங்கிலத்தையும் எழுதப் படிக்க அறிந்திருக்கவும் வேண்டும். ஏன் என்று வியக்க வேண்டியதில்லை. நள்ளிரவில் லாரி கவிழ்ந்தால், உள்ளே இருப்பது இன்னதென்று ஊராருக்கும் தீயணைப்பாருக்கும் சொல்லக்கூடியவர் அவர் ஒருவரே. அவரும் பேச இயலாதபோது வண்டியின் மேலுள்ள பலகை பேசும். தில்லியின் சுற்றுச்சாலையில் எரிபொருள் லாரியின் பின்னே நிற்க நேரும்போது அப்பலகையைப் பாருங்கள்: 1203 என்றிருந்தால் பெட்ரோல், 1075 என்றிருந்தால் சமையல் எரிவாயு. இவ்வெண்கள் நாடு, மொழி கடந்தவை.

இனி, நாம் ஏறியிருக்கும் பெட்டியிலேயே பெட்ரோல் அல்லது எரிவாயு மணம் எழுந்தால் செய்ய வேண்டியது. விளக்கு விசைகளைத் தொடாமல், யாரையும் தீக்குச்சி கிழிக்கவிடாமல், கைப்பேசியில் மின்னூட்டிக்கொண்டிருப்பவரையும் விசையைத் தொடாது அப்படியே விடச்சொல்லி, சன்னல்களையும் கதவுகளையும் திறக்க வேண்டும். எந்த இருக்கையின் அடியிலிருந்து வருகின்றதென்று கண்டால், அங்கிருப்பவர்களை, குழந்தைகளை முதலாகக் கொண்டு, அடுத்த பெட்டிக்கு அனுப்ப வேண்டும். பயணச்சீட்டுப் பரிசோதகரிடம் உடனே தெரிவிப்பதோடு, அவர்களோடு நகர்ந்து சென்றபின் 139 என்ற எண்ணுக்கும் சொல்லலாம். வண்டி எண்ணும் பெட்டி எண்ணும் கேட்பார்கள், கையில் வைத்திருத்தல் நலம்.